பஸ்ஸுக்கு வாக்கப்பட்ட நிலைக்கண்ணாடி

என் வீட்டுக்காரருக்குத் தெரியாத வேலை உலகத்தில் கிடையாது. அதை அவரே சொல்வார். தச்சு வேலை, கொத்து வேலை, பித்தளைக்கு ஈயம் பூசுகிற வேலை எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவர் வேலை பார்த்து முடித்த சாமானை அதற்கப்புறம் என்ன செய்வது என்பதுதான் எங்களுக்குத் தெரியாது. எங்கள் வீட்டுக் கதவு மூடினால் திறக்காது, திறந்தால் மூடாது. கிணற்று ராட்டினத்தை ஒருமுறை எண்ணெய் போட்டுச் சரி செய்கிறேன் என்று கழற்றினார். அன்றிலிருந்து நான் ராட்டினம் இல்லாமல்தான் தண்ணீர் சேந்துகிறேன். பெரம்பலூரில் யார் வீட்டிலாவது ஒரு பொருள் அடியோடு பாழாய்ப் போனால், "என்ன, வைத்திலிங்கம் கை வெச்சாரா?" என்று கேட்பார்கள். புருஷன் பெயரை நான் சொல்லக் கூடாது. ஊரார் சொன்னதைத்தான் சொன்னேன்.

இப்படிப்பட்டவர் கையில் ஒரு பஸ் இருந்தது. பெரம்பலூரிலிருந்து அரியலூர் போய், அங்கிருந்து கீழப்பழுவூர் வரைக்கும் ஓடுகிற பஸ். வாங்கும்போதே பழசு. என் வளையல் அதற்கு டயராகப் போயிற்று, காசுமாலை என்ஜினாகப் போயிற்று. யுத்தம் வந்து பெட்ரோல் கிடைக்காமல் போனதும் பின்பக்கம் ஒரு கரி அடுப்பைக் கட்டித் தொங்கவிட்டு, அந்தப் புகையில் ஓட்டினார்கள். அது ஊரெல்லாம் செய்த காரியம், அதற்கு அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். மற்றதுக்கெல்லாம் சொல்வேன்.

எனக்கு இருந்தது ஒரே கவலை. என் மகள் சாந்தாவுக்கு இப்படி ஒருத்தன் வாய்த்துவிடக் கூடாது. கறுப்பாக இருக்கட்டும், ஏழையாக இருக்கட்டும், திருப்புளியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று மட்டும் அவனுக்குத் தெரிந்திருக்கக் கூடாது. தரகர் அய்யாக்கண்ணுவிடம் இதைப் பச்சையாகவே சொன்னேன். அவர் இப்படி ஒரு பொருத்தத்தை அதற்குமுன் கேள்விப்பட்டதில்லை போலும். தலையைச் சொறிந்துகொண்டு போனவர் கொஞ்ச நாள் கழித்து வந்தார்.

"கீழப்பழுவூர்ல ஒரு வாத்தியாரு இருக்காரும்மா. தர்மராஜுன்னு பேரு. பென்சில் சீவணும்னாக்கூட பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களத்தான் கூப்புடுவாரு. கையில அழுக்குப் படாத மனுசன்" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தைக்காகவே அய்யாக்கண்ணுவுக்கு இன்னொரு சொம்பு மோர் கொடுத்தேன்.

பெண் பார்க்க மாப்பிள்ளை வரவில்லை. அவன் அம்மா ரத்தினம்மாளும் அவளுடைய அண்ணனும் வந்தார்கள். மாப்பிள்ளைக்குத் தகப்பன் உண்டு. ஆனால் அந்த வீட்டில் வாய் ரத்தினம்மாளுக்கு மட்டும்தான். வந்தவள் சாந்தாவைப் பார்த்தாள், பிடித்துவிட்டது. அதற்கப்புறம் என் நிலைக்கண்ணாடியைப் பார்த்தாள். அது இன்னும் அதிகமாகப் பிடித்துவிட்டது.

பிடிக்காமல் என்ன? ஆள் உயரக் கண்ணாடி. தேக்குச் சட்டம். மேல் மூலையில் கண்ணாடியிலேயே தேய்த்து எழுதின ஒரு பூங்கொடி. என் அப்பா தஞ்சாவூரில் வாங்கி, மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, என் கல்யாணத்துக்குச் சீராகக் கொண்டுவந்து இறக்கினார். நான் கொண்டுவந்ததில் பஸ்ஸுக்குள் போகாமல் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். ரத்தினம்மாள் அதன் முன்னால் நின்று முந்தானையைச் சரி செய்தாள், பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள், மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்தாள்.

"நகை முன்னப்பின்ன இருந்தா இருந்துட்டுப் போவுதுங்க. இந்தக் கண்ணாடிய மட்டும் பொண்ணோட அனுப்பிடுங்க" என்றாள்.

நான் சரி என்றேன். என் வீட்டுக்காரரும் தலையை ஆட்டினார். அவர் ஆட்டினதை நான் இந்தக் கண்ணால் பார்த்தேன். ஐப்பசியில் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்று பேசி முடித்தோம்.

நிச்சயத்துக்கு முந்தின மாதம் பஸ்ஸின் முன் கண்ணாடி உடைந்தது. கல் பட்டு உடைந்ததா? இல்லை. மரக்கிளை இடித்ததா? இல்லை. கண்ணாடி துடைக்கிற வைப்பர் அசையவில்லை என்று என் வீட்டுக்காரர் ஸ்பானரால் அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். டிரைவர் பிச்சைமுத்து, "வேணாங்க மொதலாளி" என்று சொல்லிக்கொண்டே இருந்தானாம். அந்த வார்த்தையைக் கேட்டால்தான் இவருக்குக் கை இன்னும் வேகமாக ஓடும். வைப்பர் அசையவில்லை. டிரைவர் பக்கத்துக் கண்ணாடி முழுசாக உதிர்ந்து பிச்சைமுத்துவின் காலடியில் கிடந்தது.

திருச்சிராப்பள்ளியில் விசாரித்தார்கள். எல்லாக் கண்ணாடியும் மிலிட்டரிக்குப் போகிறது, யுத்தம் முடிந்து வாருங்கள் என்றார்களாம். பிச்சைமுத்து தலைப்பாகைத் துணியால் கண்ணை மட்டும் விட்டு முகத்தைச் சுற்றிக்கொண்டு, புழுதியிலும் பூச்சியிலும் ஓட்டினான். பயணிகள் அவனைப் பார்த்து வழிப்பறிக்காரன் என்று பயந்தார்கள். அதோடு பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டி பார்க்க வருகிற நாளும் நெருங்கிவிட்டது. முன் கண்ணாடி இல்லாத பஸ்ஸுக்கு அவர் கையெழுத்துப் போட மாட்டார்.

"கண்ணாடி போடற வேல என்ன பெரிய வேல? நாமளே போட்டுக்கலாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

நான் அதைக் கேட்டும் கேட்காதவளாக உடையார்பாளையத்துக்குப் போனேன். என் தம்பி வீட்டில் குழந்தைக்குக் காது குத்தல். கண்ணாடி எங்கும் கிடைக்கப்போவதில்லை, ஆகையால் இந்த மனிதரால் கெடுக்க முடியாத வேலை ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று நிம்மதியாகத்தான் போனேன். என் புத்தியை எதால் அடிப்பது?

திரும்பி வந்த அன்று முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு, சரியாக இருக்கிறதா என்று கண்ணாடி முன்னால் போய் நின்றேன். என் முகம் தெரியவில்லை. சுவர் தெரிந்தது. வெறும் தேக்குச் சட்டம் மட்டும் என்னைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

நடந்ததையெல்லாம் சாந்தா சொன்னாள். முதலில் சட்டத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றித் தரையில் படுக்க வைத்தாராம். பின்னாலிருந்த சிவப்புப் பூச்சைக் கத்தியால் சுரண்டினாராம். அதற்குள் இருந்த ரசத்தைப் புளியும் சாம்பலும் போட்டு, பாத்திரம் தேய்க்கிற மாதிரி தேய்த்தாராம். என் அடுப்படிப் பக்கம் ஒரு நாளும் எட்டிப் பார்க்காத மனிதர்! ஒரு மூலை வந்ததும் கை வலித்து, அது இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார். அந்த மூலையில் மட்டும் ரசம் அப்படியே இருந்தது.

அடுத்தது அளவுக்கு வெட்டுகிற வேலை. மண்ணெண்ணெயில் நனைத்த நூலைக் கோடு மாதிரி ஒட்ட வைத்து, கொளுத்தி, சூடு ஏறினதும் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் கண்ணாடி கோடு போட்ட மாதிரி பிளக்குமாம். எவனோ சொன்னானாம். பழகிப் பார்ப்பதற்கு என்று சுவரில் இருந்த சாமி படங்களையெல்லாம் இறக்கினார். பிள்ளையார் கண்ணாடி நாலு துண்டாயிற்று. லட்சுமி கண்ணாடி பொடியாயிற்று. வள்ளி தெய்வானையோடு இருந்த முருகன் கண்ணாடியில்தான் கை பழகிற்று என்றாள் சாந்தா. கூப்பனுக்குக் கிடைத்த மண்ணெண்ணெய் மொத்தமும் இந்தக் கூத்தில் தீர்ந்து, நாங்கள் அந்த மாதம் இருட்டில் சோறு தின்றோம்.

பெரிய கண்ணாடி மட்டும் ஒழுங்காகப் பிளந்தது. அதுதான் என் வயிற்றெரிச்சல். உடைந்து தொலைந்திருந்தால் கண்ணாடியாவது மானத்தோடு போயிருக்கும்.

பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடினேன். என் நிலைக்கண்ணாடி டிரைவருக்கு முன்னால் படுத்துக் கிடந்தது. பூங்கொடி பக்கவாட்டில் சாய்ந்து, முன் ஸீட்டில் உட்காருகிறவர்களுக்கு நேராக வந்திருந்தது. அதைச் சுற்றி வெள்ளையும் கறுப்புமாக என்னவோ அப்பியிருந்தது.

"இது என்னங்க?" என்றேன்.

"சுண்ணாம்பு, கருப்பட்டி, கடுக்கா. இடிச்சி ஊற வெச்சது. கண்ணாடி பதிக்கிற புட்டி எங்க கெடைக்குது இந்தக் காலத்துல? கீழப்பழுவூர் கோயிலு எதால நிக்குதுன்னு நெனச்சே? இதாலதான். கோயிலே நிக்குது, ஒரு கண்ணாடி நிக்காதா?"

அந்தக் கோயில் கல்லின் மேல் கல்லை அடுக்கிக் கட்டினது என்று இவருக்கு யார் சொல்வது? கருப்பட்டி என்று காதில் விழுந்ததும் என் அடுப்படிப் பானை ஞாபகம் வந்தது. போய்ப் பார்த்தேன். வழித்து எடுத்திருந்தார்.

"எம் பொண்ணுக்குன்னு வாய் நெறைய சொன்ன கண்ணாடிங்க அது! சம்பந்தி வூட்டுக்கு என்ன பதில் சொல்லுவீங்க?" என்று கத்தினேன்.

"இப்ப எங்க போயிடுச்சி? பொழுது சாஞ்சா நம்ம வூட்டு வாசல்லதான நிக்குது" என்றார்.

இந்தப் பதிலுக்கு என்ன செய்வது? சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா? நான் அடித்துக்கொண்டேன்.

பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். புருவத்தைத் தூக்கிக்கொண்டு கண்ணாடியைச் சுற்றி வந்தவர், ரசம் மிஞ்சியிருந்த மூலையில் தன் முகத்தைக் கண்டதும் நின்றார். மீசையை இரண்டு பக்கமும் நீவிவிட்டுக்கொண்டார். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு என் வீட்டுக்காரரின் நடையைப் பார்த்திருக்க வேண்டும். ஊரில் அவர் நிறுத்திச் சொல்லாத ஆள் கிடையாது.

பிச்சைமுத்துதான் பாவம். "ஒரு கண்ணுல ரோடு தெரியுதும்மா, இன்னொரு கண்ணுல எம் மூஞ்சியே தெரியுது. எதிர்ல எவனோ வராம்னு நானே எனக்கு ஆரன் அடிக்கிறேன்" என்று என்னிடம் வந்து அழாத குறையாகச் சொன்னான். அதோடு எறும்பு. கருப்பட்டி வாசனைக்குப் பெரம்பலூர் எறும்பு, அரியலூர் எறும்பு என்று ஊர் ஊராக ஏறின. சட்டத்தைச் சுற்றி இரவு பகலாகச் சாரி சாரியாக ஓடிக்கொண்டே இருந்தன. பஸ்ஸில் ஏறினவர்களில் டிக்கெட் வாங்காமல் சுகமாகப் போனது அவைதான்.

நிச்சயம் நெருங்கிவிட்டது. வெறும் சட்டம் நின்ற அறையைப் பூட்டிவிடலாம், கல்யாணத்துக்குள் வேறு கண்ணாடிக்கு வழி பார்க்கலாம் என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டேன். இந்தச் சம்பந்தம் தவறிப்போனால், அழுக்குப் படாத இன்னொரு கைக்கு அய்யாக்கண்ணு எங்கே போவார்? ஒன்றே ஒன்றுதான் என் வீட்டுக்காரரிடம் கெஞ்சினேன்.

"அவங்கள நம்ம பஸ்ஸுல மட்டும் ஏத்தாதீங்க. வண்டி கட்டிக்கிட்டு வரட்டும்."

"சொந்த பஸ் வெச்சிருக்கவன் சம்பந்தி மாட்டு வண்டியில வரதா? ஊரு என்ன பேசும்? அந்த அம்மாள மொத ஸீட்லயே ஒக்கார வெச்சி கூட்டியாரச் சொல்லியிருக்கேன்" என்றார்.

மொத ஸீட். பூங்கொடிக்கு நேர் எதிரே. இந்த மனிதருக்குக் கழுத்துக்கு மேலே இருப்பது தலைப்பாகை கட்டுவதற்கு மட்டும்தான்.

நிச்சயத்தன்று காலையிலிருந்து வானம் மூடிக்கொண்டிருந்தது. பூ, பழம், வெற்றிலை எல்லாம் தட்டில் அடுக்கி, சாந்தாவை உடுத்தி உட்கார வைத்துவிட்டு, வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன். வரவேண்டிய நேரத்துக்கு பஸ் வரவில்லை. மழை பிடித்துக்கொண்டது. மழை விட்ட பிறகு, முக்கி முனகிக்கொண்டு, நடக்கிறவர்கள் முந்திப் போகிற வேகத்தில் பஸ் வந்து நின்றது.

டிரைவர் ஸீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் எழுந்து நின்றபடி, இரண்டு கையையும் விரித்துக் கண்ணாடியை அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்தான். பட்டுக்கரை வேட்டி முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டியிருந்தது. சட்டையில் கரி, முழங்கை வரை கருப்பட்டிப் பாகு, தலையில் சுண்ணாம்பு.

பிச்சைமுத்து இறங்கி ஓடிவந்தான். "அரியலூர் தாண்டினதும் மழை புடிச்சிக்கிச்சிங்கம்மா. அந்தக் கருப்பட்டி அப்புடியே எளகி பாகா ஒழுவுது, கண்ணாடி எறங்குது. இவருதான் எந்திரிச்சி வந்து புடிச்சாரு. பெரம்பலூர் வரைக்கும் புடிச்ச கைய எடுக்கல. இல்லன்னா மொத்தமும் எம் மடியில வந்து உழுந்திருக்கும்."

"யாரு இவரு?"

"என்னம்மா இப்புடிக் கேக்கறீங்க? மாப்புள்ள!"

எங்களில் நிச்சயத்துக்கு மாப்பிள்ளை வருகிற வழக்கம் இல்லை. கரியில் ஓடுகிற பஸ்ஸைப் பார்த்தே தீருவேன் என்று அடம் பிடித்து ஏறிக்கொண்டானாம். கண்ணாடியைப் பிச்சைமுத்துவிடம் ஒப்படைத்துவிட்டு இறங்கி வந்தவன், என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி இது:

"மாமா, இந்தக் கண்ணாடிய நீங்களே போட்டீங்களாமே?"

அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அந்த முகத்தை எனக்குத் தெரியும். அதே மாதிரி ஒரு முகத்தோடு நான் குடித்தனம் செய்துகொண்டிருக்கிறேன்.

அதற்குள் ரத்தினம்மாள் இறங்கினாள். அரக்குப் பட்டுப்புடவையில் தோளிலிருந்து மடி வரை பாகு வழிந்திருந்தது. பாகின் மேல் எறும்பு. புடவையை உதறினாள், கழுத்தைத் தட்டினாள், என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, நா ஒண்ணு கேக்கறேன். கீழப்பழுவூர்லேர்ந்து ஒரு பூங்கொடியப் பாத்துக்கிட்டே வரேன். எங்கயோ பாத்திருக்கமேன்னு யோசிச்சிக்கிட்டே வரேன். எம் மருமவளுக்குக் குடுக்கறேன்னு சொன்ன கண்ணாடி வழியாத்தான் என்னிய ரோட்டப் பாக்க வெச்சிக் கூட்டியாந்தீங்களா?"

என் வீட்டுக்காரருக்குப் பதில் தேடுகிற கஷ்டம் எப்போதும் கிடையாது.

"கண்ணாடி பத்திரமாத்தாம்மா இருக்கு. கொஞ்சம் எடம் மாறியிருக்கு, அவ்வளவுதான்" என்றார்.

"தர்மராஜு! வாடா, போவலாம்" என்று ரத்தினம்மாள் திரும்பினாள்.

தர்மராஜு அங்கே இல்லை. பஸ்ஸின் முன் பம்பர் மேல் ஏறி நின்று, கத்தியால் பாகைச் சுரண்டிக்கொண்டிருந்தான். "இரும்மா. இத சரி பண்ணாம பஸ்ஸு எப்புடி திரும்பிப் போவும்? துணிய மெழுகுல தோச்சி, சட்டத்துல சுத்தி வெச்சி அழுத்தினா தண்ணி ஏறாது. மாமா, மெழுகு இருக்கா?" என்றான்.

"இல்லாம? மேல ஏறி வரட்டுமா?" என்றார் என் வீட்டுக்காரர். பிறந்த நாளிலிருந்து தேடிக்கொண்டிருந்த ஆளைக் கண்டவர் மாதிரி குரல் தழுதழுத்தது. தட்டு மாற்ற உடுத்திய சரிகை வேட்டியோடு அவரும் பம்பர் மேல் ஏறினார்.

நாங்கள் இரண்டு பொம்பிளைகளும் கூடத்தில் உட்கார்ந்தோம். நான் ஈரத்துணி கொண்டுவந்து அவள் தோளைத் துடைத்தேன். ரத்தினம்மாளின் கோபம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வேறு என்னவோ ஆகிவிட்டது. குரலைத் தாழ்த்தினாள்.

"ஒங்ககிட்ட எதுக்கு மறைக்கணும். இவன் இப்புடித்தான். எங்க வூட்டுச் சுவர்க் கடியாரத்தப் பிரிச்சிப் போட்டுட்டான். அத ஒரு தாம்பாளத்துல அள்ளி வெச்சிருக்கேன்."

"பென்சில் சீவறதுக்குக்கூட புள்ளைங்களத்தான் கூப்புடுவாருன்னு சொன்னாங்களே?"

"ஆமா. இவங் கை எந்நேரமும் எதையாச்சும் கழட்டிக்கிட்டு இருந்தா, பென்சில வேற யாரு சீவறது?"

நிச்சயத்துக்கு வந்திருந்த தரகர் அய்யாக்கண்ணு கொல்லைப் பக்கமாகப் போய்விட்டிருந்தார். அன்றைக்கு மட்டும் அவர் என் கையில் கிடைத்திருந்தால் மோரால் குளிப்பாட்டியிருப்பேன்.

ரத்தினம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கண்ணாடி போனா போவுதுங்க. நல்ல நேரம் தாண்டறதுக்குள்ள தட்ட மாத்திடுவோம்" என்றாள். சீறிக்கொண்டு இறங்கினவள் இப்போது கெஞ்சினாள். பையனின் லட்சணம் தெரிந்தபின் நாங்கள் வேண்டாம் என்று சொல்லிவிடுவோமோ என்று அவளுக்குப் பயம் வந்துவிட்டது. அவள் பயந்தது சரிதான். நான் முடிவு செய்துவிட்டேன். இந்தச் சம்பந்தம் வேண்டாம். என் தலையெழுத்து என்னோடு போகட்டும். ஒரு ராட்டினம், ஒரு கதவு, ஒரு கடிகாரம் என்று என் பெண்ணின் ஆயுசும் துண்டு துண்டாகக் கழன்று தாம்பாளத்தில் கிடக்க வேண்டாம்.

சாந்தாவிடம் சொல்லிவிட்டு வந்து பேச்சை முறித்துவிடுவது என்று உள்ளே போனேன்.

சாந்தா பின்கட்டில் தரையில் உட்கார்ந்திருந்தாள். பெட்டி திறந்து கிடந்தது. தீபாவளிக்கு எடுத்த மஞ்சள் சுங்குடிப் புடவை மடியில். துணிக்கு ரேஷன் போட்டிருந்த காலம், அதை வாங்க நான் எத்தனை கடை ஏறி இறங்கினேன் என்று எனக்குத்தான் தெரியும். ஒருமுறைகூடக் கட்டாத அந்தப் புடவையைப் பல்லால் கடித்து, நீளவாட்டில் கிழித்துக்கொண்டிருந்தாள்.

"அடிப்பாவி, என்னடி பண்றே?"

"பஸ்ஸுக்கும்மா."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கையைப் பிடித்து முறித்திருப்பேன். "தட்டு மாத்தறதுக்கு முன்னாடியே உம் பொட்டிக்குள்ள கைய வுட்டுட்டானா? ஒங்கப்பாகூட கல்யாணத்துக்கு அப்பறமாத்தாண்டி ஆரம்பிச்சாரு! வேணாம். இந்தச் சம்பந்தமே வேணாம். இப்பவே போயி சொல்லிட்டு வந்துடறேன்."

"அவரு கைய வுடலம்மா" என்றாள் சாந்தா. "கொல்லை வாசல்ல வந்து, தலைய நிமித்தாமயே நின்னாரு. 'ஒங்களுக்கு வேண்டாத துணி ஏதாச்சும் இருந்தா குடுங்க, இல்லன்னா பரவால்லீங்க, நா வேற பாத்துக்கறேன்'னு கேட்டாரு."

"கேட்டானா?"

"கேட்டாரும்மா. பழசு எதுவும் கைக்கு ஆப்புடல, நா இதக் காட்டினேன். 'இது புதுசா இருக்கே, மனசோடதான் குடுக்கறீங்களா'ன்னு இன்னொரு தடவயும் கேட்டாரு."

நான் அப்படியே சுவரில் சாய்ந்தேன். என் கழுத்திலிருந்தும் கையிலிருந்தும் அடுப்படியிலிருந்தும் எவ்வளவோ போயிருக்கிறது. ஒன்றுக்காவது என்னிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் எல்லாவற்றையும் கொடுத்திருப்பேன் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அழுகை வந்தது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன்.

"அம்மா, என்னம்மா?" என்று சாந்தா எழுந்தாள்.

"கத்திரிக்கோல் எங்க இருக்கு?" என்று கத்திக்கொண்டு என் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். நாங்கள் வாயைத் திறப்பதற்குள் என் பெட்டியைத் திறந்து, மேலே இருந்த துணிமணியை அள்ளித் தரையில் போட்டு, கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் அழுதுகொண்டு நின்றதை அவர் பார்க்கவில்லை.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். குனிந்து கீழே கிடந்ததையெல்லாம் பொறுக்கிப் பெட்டியில் வைத்தேன்.

"கிழிச்சது போதும். போயி அவருகிட்ட குடுத்துட்டு வா. தட்டு மாத்தணும்" என்றேன்.